யோகியின் சுயசரிதத்தை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் மூடிவிட்டேன்

கேள்வி: 11 ஜனவரி 2024, மாலை 6.15

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன், வயது 27. மனம் எதிலும் நிலைப்பதில்லை என்று சொன்னபோது, பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' படித்தால் வாழ்க்கையே மாறும் என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் தோன்றும் துறவி, நினைத்த வாசனையை வரவழைக்கும் சாது, புலியோடு மல்லுக்கட்டிய சுவாமி என்று வரிசையாக வரும்போது ஆறாம் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறேன். இவற்றை நம்பாத ஒருவனுக்கு இந்தப் புத்தகத்தால் பயன் உண்டா, அல்லது இது ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் புத்தகமா?

பதில்: 11 ஜனவரி, இரவு 10.40

நம்ப வேண்டியதில்லை. நானும் பாதியை நம்பவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளில் அதை நான்கு முறை முழுதாகப் படித்திருக்கிறேன். ஆகவே நம்பாதவன் படிக்கும் முறை ஒன்று உண்டு என்று சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

முதல் பதினொரு அத்தியாயங்களைத் திண்ணையில் கேட்கும் கதையைப் போலக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாத்தா சொல்லும் முனீஸ்வரன் கதைக்கு நாம் சாட்சி கேட்பதில்லை. 1893இல் கோரக்பூரில் பிறந்த முகுந்தலால் கோஷ் என்ற பையன் (பின்னாளில் யோகானந்தர்), சிறுவயதிலேயே தாயைப் பறிகொடுத்தவன், இமயமலைக்கு ஓடிப்போக முயன்று அண்ணனிடம் அகப்பட்டுக்கொண்டவன், கண்ணில் பட்ட சாதுக்களைப் பற்றிப் பின்னாளில் எழுதியது அந்தப் பகுதி. எனக்குப் புத்தகம் தொடங்குவது பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான். அங்கே தன் குரு ஸ்ரீயுக்தேஸ்வரின் செராம்பூர் ஆசிரமத்துக்குள் பையன் நுழைகிறான். அதற்குப் பிறகு அவன் தினமும் திட்டு வாங்குகிறான்.

2004இல் முதன்முறை படித்தேன். வேலை பார்த்த இடத்தில் எனக்கு ஐந்து ஆண்டுகள் பின்னால் சேர்ந்த ஒருவரை எனக்கு மேலே உட்காரவைத்த ஆண்டு அது. மாம்பலத்திலிருந்து கோட்டை வரை மின்சார ரயிலில் யாருடனும் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்த நாட்கள். அந்த ரயிலில்தான் அந்த வரி என்னைப் பிடித்தது. "கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க உனக்கு ஒரு சின்ன அறை கிடைக்குமா? அதுதான் உன் குகை" என்று குரு சீடனிடம் சொல்கிறார். எங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் தையல் இயந்திரமும் கிடந்த அறை ஒன்று இருந்தது. மறுநாளிலிருந்து காலை ஐந்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை அந்தக் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு மாதங்களில் அலுவலகத்தில் எனக்கு வரும் கோபம் பாதியானது. எந்த அற்புதத்தையும் நம்பாமல் அந்தப் புத்தகத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரி. 1946இல் லண்டனில் அச்சான புத்தகத்தின் ஒரு வரிக்கு மேற்கு மாம்பலத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது என்றால், அது போதாதா?

12 ஜனவரி, காலை 7.05

லண்டன் என்று எழுதியது தவறு. 1946இல் நியூயார்க்கில் வெளிவந்தது. யோகானந்தர் 1920இல் பாஸ்டனில் நடந்த சமய மாநாட்டுக்குப் போனவர், பிறகு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். நடுவில் ஒருமுறை இந்தியா வந்து திரும்பியதைத் தவிர 1952இல் மறையும் வரை அங்கேதான் இருந்தார். வங்காளத்து ஆசிரமத்து அடுக்களையை அமெரிக்க வாசகருக்கு விளக்கி எழுதியவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அற்புதங்கள் ஏன் இவ்வளவு முன்னால் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் ஓரளவு புரியும். முகப்பிலேயே, அடையாளங்களையும் அற்புதங்களையும் காணாவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்ற பொருளில் யோவான் சுவிசேஷத்திலிருந்து ஒரு வசனத்தைப் போட்டிருக்கிறார். தம்பி சிக்கிக்கொண்ட இடம் ஆசிரியருக்கு முன்பே தெரிந்த இடம்தான்.

13 ஜனவரி, இரவு 9.20

"இதெல்லாம் குரு வழிபாடு, தன் முன்னேற்றம் என்பது வேறு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. சுயமுன்னேற்ற நூல்களில் வருவது போலப் பயிற்சிப் பட்டியல் எதுவும் இதில் இல்லை. யோகானந்தர் கற்பித்த தியான முறையான கிரியா யோகத்துக்கென்று 26ஆம் அத்தியாயம் முழுவதும் இருக்கிறது. படித்து முடித்த பிறகும் எப்படிச் செய்வது என்று தெரியாது, செய்முறையை உரியவரிடம் நேரில்தான் கற்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். அளவு சொல்லாத சமையல் குறிப்பு என்று என் மகள் கேலி செய்வாள்.

ஆனால் இது குருவின் பெருமையைப் பாடும் புத்தகம் மட்டும் அன்று. ஒரு சீடன் தான் எங்கெங்கே அசடு வழிந்தான் என்று பெயர் புகழ் வந்த பிறகு உட்கார்ந்து எழுதிய புத்தகம். அதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது கொசு. பையன் தொடையில் கொசு கடிக்கிறது, அடிக்கக் கையை ஓங்குகிறான், பதஞ்சலி சொன்ன அகிம்சை நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திவிடுகிறான். ஏன் முடிக்கவில்லை என்று குரு கேட்கிறார். கொல்லச் சொல்கிறீர்களா என்று பையன் பதறுகிறான். இல்லை, உன் மனத்தில் நீ ஏற்கெனவே அடித்துவிட்டாயே என்கிறார். கூவம் கரையை ஒட்டிய ஊரில் மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தும் நமக்கு இந்தப் பக்கத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நான் முடித்துவிடுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுவலகத்தில் ஒருவருக்குக் கடுமையாக ஒரு மின்னஞ்சலை எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டு, நல்லவன் என்று முதுகில் தட்டிக்கொண்ட ஒவ்வொரு முறையும் அந்தக் கொசு எனக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது காலிஃபிளவர். விதை போட்டுத் தானே வளர்த்த ஆறு பூக்களைப் பையன் புரி ஆசிரமத்துக்குக் கொண்டுபோய்க் குருவுக்குக் கொடுக்கிறான். பிறகு பின்கதவைப் பூட்டாமல் எல்லோருடனும் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறான். உன் கவனக்குறைவுக்காக ஒரு பூ போகும் என்கிறார் குரு, அப்படியே ஒன்று போகிறது. வழியில் போன குடியானவனை உள்ளே நுழையவைத்தது தன் மனம்தான் என்று குரு சொல்வதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கடவுளை நேரில் காணத் துடிக்கும் பையனிடம் முதலில் பின்கதவைப் பூட்டு என்று சொன்ன ஆசிரியரை எனக்குப் பிடிக்கும்.

14 ஜனவரி, போகி, காலை 8.30

பரணைச் சுத்தம் செய்யும்போது என் பழைய பிரதி கிடைத்தது. அட்டை போய்விட்டது, முதுகில் ஒட்டிய பழுப்பு நாடாவும் காய்ந்து உரிகிறது. உள்ளே நாள்காட்டித் தாள்கள் நான்கைந்து. 2004ஆம் ஆண்டுத் தாள்களின் பின்புறம் என் கையெழுத்தில் அட்டவணை: "4.45 எழுதல். 5.00 – 5.45 குகை. 6.00 நடை." ஒரு தாளில் ஐந்து நாட்களுக்கு டிக் குறி போட்டு ஆறாம் நாள் "சளி" என்று எழுதியிருக்கிறேன். தெருவெல்லாம் புகை. தாள்களை வெளியே எரியவிட மனம் வரவில்லை.

இன்னொன்று. குகை வரியைச் சரிபார்க்கப் பதின்மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். அதைச் சொன்னவர் குரு அல்லர். ராம் கோபால் மஜும்தார் என்ற வேறொரு சாது. இருபது ஆண்டுகளாக எத்தனை பேரிடம் "ஸ்ரீயுக்தேஸ்வர் சொன்னார்" என்று சொல்லியிருப்பேன் என்று கணக்குப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. பொங்கல் முடிந்து விரிவாக எழுதுகிறேன்.

17 ஜனவரி, இரவு 11.10

விரிவாக எழுத நினைத்தது வேறு, எழுதப்போவது வேறு.

காணும் பொங்கலுக்கு வந்த விருந்தினர் போன பிறகு, இந்தக் குறிப்புகளை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். குகை பற்றிய பத்தியில் கொஞ்சம் பெருமையோடு நிறுத்தினேன் என்றும் சொல்ல வேண்டும். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அந்த வருஷம் தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும்னு எழுதலையா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். 2003, 2004 ஆண்டுகளில் சென்னையில் இருந்தவர்களுக்கு அது போதும். ஏரிகள் வறண்டு, குழாயில் தண்ணீர் நின்று, வீராணம் நீர் வந்து சேரும்வரை மெட்ரோ வாட்டர் லாரியை நம்பி இந்த நகரம் வாழ்ந்தது. எங்கள் தெருமுனைக்கு லாரி விடியற்காலை ஐந்து மணியை ஒட்டி வரும். முதல் நாள் இரவே குடங்களை வரிசையில் வைத்து அடையாளத்துக்குக் கயிறு கட்டிவிட்டு வருவார்கள். குழாயை ஒருவர் பிடிக்க, குடத்தை ஒருவர் நகர்த்த, எட்டுக் குடத்துக்கு மேல் எடுத்தால் சண்டை. எங்கள் வீடு இரண்டாம் மாடி. நான் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சைக் கவனித்த அந்த முக்கால் மணி நேரத்தில், கைக்குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, அவள் எட்டுப் பிளாஸ்டிக் குடங்களை மாடியேற்றியிருக்கிறாள். ஒரு நாளும் கதவைத் தட்டவில்லை. படிக்கட்டில் குடம் இடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது. வெளிச் சத்தத்தால் கலங்காதிருப்பதே பயிற்சி என்று அதையும் என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் கோபம் பாதியானது என்று எழுதினேனே, அது உண்மை. யார் செலவில் பாதியானது என்பதை எழுதவில்லை.

18 ஜனவரி, மதியம் 1.15

"அப்படியென்றால் தியானம் செய்யக்கூடாதா" என்று ஒருவர் கேட்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஐந்து மணிக்குச் செய்யக்கூடாது என்றுதான் சொல்கிறேன், அதுவும் லாரி வரும் தெருவில்.

21 ஜனவரி, மாலை 5.50

ஞாயிறு முழுவதும் பதின்மூன்று, பதினான்கு ஆகிய இரண்டு அத்தியாயங்களை மட்டும் மெதுவாகப் படித்தேன். இத்தனை முறை படித்தும் வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, அது எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்பதை விட்டிருக்கிறேன்.

நடந்தது இது. ஆசிரமத்தில் சேர்ந்து ஆறு மாதமே ஆன பையனுக்கு அங்குள்ள வேலைகள் சலிப்பாகிவிடுகின்றன. இமயத்தில் இடையறாத தனிமை வேண்டும் என்று குருவிடம் கேட்கிறான். மலைவாசிகள் எத்தனையோ பேர் இமயத்திலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் கடவுள் தெரிந்துவிட்டாரா என்கிறார் குரு. பையன் அதைக் காதில் வாங்காமல், தூங்காத துறவி என்று பெயர் பெற்ற ராம் கோபாலைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் தாரகேஸ்வரர் கோயிலில் வெறும் கல்தானே என்று தலை வணங்காமல் கடக்கிறான். பிறகு வெயிலில் வழி தவறி, கேட்பவரெல்லாம் "இதோ பக்கம்தான்" என்று சொல்லச் சொல்ல அலைகிறான். கிண்டியில் வழி கேட்டவர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகப் புரியும். கடைசியில் எதிரே வரும் சாது முதலில் கோயிலில் ஏன் வணங்கவில்லை என்று கேட்கிறார். அதன் பிறகுதான், நீ உன் குருவை விட்டு ஓடுகிறாய், உனக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் இருக்கிறது, திரும்பிப் போ, மலை உனக்குக் குருவாகாது என்று சொல்லிவிட்டு, அந்த அறைக் கேள்வியைக் கேட்கிறார்.

ஓடிப்போகாதே, இருக்கும் இடத்திலேயே இரு என்பதற்காகச் சொன்ன வரி அது. நான் வீட்டுக்குள்ளேயே ஓடிப்போக அதைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

அடுத்த அத்தியாயத்தின் தொடக்கம்தான் என்னை நாற்காலியில் நிமிர்த்தியது. பையன் தலைகுனிந்து திரும்பி வருகிறான். எவ்வளவு பெரிய உபதேசம் கிடைக்கப்போகிறதோ என்று நாம் காத்திருக்க, ஸ்ரீயுக்தேஸ்வர் எதுவுமே நடக்காதது போல, சமையலறைக்குப் போய்ச் சாப்பிட ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம் என்கிறார். அந்த அத்தியாயத்தில்தான் புத்தகத்தின் ஆகப் பெரிய அனுபவம் வருகிறது: குரு மார்பில் லேசாகத் தட்ட, பையன் அண்டத்தையே தன்னுள் காண்கிறான். பக்கம் பக்கமாக ஒளி. அது வடிந்து காலில் விழப்போனவனிடம் குரு கொடுக்கும் அடுத்த வேலை என்ன தெரியுமா? பரவசத்தில் மயங்கிவிடாதே, வா, மாடித் தாழ்வாரத்தைப் பெருக்குவோம், அப்புறம் கங்கைக் கரையில் நடக்கலாம். பையன் போய்த் துடைப்பத்தை எடுத்து வருகிறான்.

இரண்டு முனையிலும் வீட்டு வேலை, நடுவில் அண்டம். கேள்வி கேட்ட தம்பி நடுப்பகுதியை நம்பவில்லை. நான் இரண்டு முனைகளையும் பார்க்கவில்லை. யார் மோசமான வாசகன் என்பதை நானே சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

26 ஜனவரி, காலை 10.25

நேற்றுத் தைப்பூசம். எங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை கிடையாது. மதிய இடைவேளையில் ஆட்டோ பிடித்து ஏழுகிணறு வீராசாமித் தெருவுக்குப் போய் வந்தேன். 1858இல் சென்னையை விட்டுப் போகும்வரை வள்ளலார் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. நெருக்கமான தெரு, பூக்காரப் பெண்கள், அன்னதான வரிசை.

அந்த வீட்டைப் பற்றிச் சரித்திர நூல்கள் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பள்ளிக்குப் போகாத தம்பியை அண்ணன் வீட்டில் சேர்க்கக்கூடாது என்று கோபித்துக்கொண்டார், அண்ணி மறைவாகச் சோறு போட்டார், பிறகு வீட்டிலேயே இருந்து படிப்பதாகச் சிறுவன் ஒப்புக்கொண்டதும் மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள், அங்கே கண்ணாடியும் விளக்கும் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு முருகனைக் கண்டார். சிறுவயதிலிருந்து கேட்ட கதை. கண்ணாடிதான் எனக்கு நினைவில் நின்றது. நேற்று வரிசையில் நின்றபோது அண்ணி நினைவுக்கு வந்தார். அந்தக் கதவுக்கு வெளியே சோற்றுத் தட்டோடு ஒருவர் இருந்திருக்கிறார், அதைக் கதை சொன்னவர்களும் மறைக்கவில்லை.

இழை திசைமாறுகிறது என்று யாரும் சொல்வதற்குள் புத்தகத்துக்கு வருகிறேன். வள்ளலார் தன் வரலாறு என்று ஒரு நூல் எழுதவில்லை. ஆனால் திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் உள்ள பிள்ளைப் பெருவிண்ணப்பத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு ஆன்மிக ஆசிரியர் தமிழில் தன்னைப் பற்றி இவ்வளவு கூசாமல் எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காக்கை கரைந்தாலும் ஆந்தை அலறினாலும் நடுங்கினேன் என்கிற அளவுக்கு அச்சங்களை வரிசையாக ஒப்புக்கொள்கிறார். "வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன்" என்று நாம் சுவரொட்டியில் போடும் வரி அந்தப் பாடல்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதையும் நாம் வெட்டி எடுத்துத்தான் வைத்திருக்கிறோம், நான் குகை வரியை வெட்டியது போல. யோகானந்தரின் ஆங்கில உரைநடையின் மொழிபெயர்ப்பு சில இடங்களில் மூச்சு முட்டும். அப்போது நடுவே இதில் பத்துப் பாடல் படிப்பது என் வழக்கமாகிவிட்டது.

28 ஜனவரி, இரவு 8.00

தம்பி பன்னிரண்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கி 23 வரை வந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயத்தை மட்டும் என் மகள் படிக்காமல் பார்த்துக்கொண்டேன், எப்படியோ படித்துவிட்டாள். பாடப் புத்தகத்தைத் தொடாத கல்லூரி மாணவனுக்கு, பி.ஏ. தேர்வுக்குச் சில நாள் முன்பு, ரோமேஷ் என்ற வகுப்புத் தோழனைப் போய்ப் பார் என்று குரு சொல்கிறார், ரோமேஷ் சொல்லிக் கொடுத்த கேள்விகள் தாளில் வருகின்றன, தேறிவிடுகிறான். 1915இல் பட்டமும் வாங்கிவிட்டான். கல்லூரியில் படிக்கும் பெண் இருக்கும் வீட்டில் இது அபாயமான ஆன்மிகம். "எனக்கும் ஒரு ரோமேஷ் கிடைச்சா போதும்பா" என்கிறாள்.

அற்புதங்களைப் பற்றி நான் முதல் நாள் எழுதியதை ஓரிடத்தில் மாற்றிக்கொள்கிறேன். "முதல் பதினொரு அத்தியாயங்களைக் கதையாகக் கேட்டுவிட்டு நகருங்கள்" என்றேன். அது சோம்பேறித்தனமான யோசனை. ஓடிப்போக முயன்று பிடிபடும் நான்காம் அத்தியாயம் தெரியாமல், பதின்மூன்றில் அவன் மறுபடியும் மலைக்கு ஓடுவதன் வேடிக்கை புரியாது. மலைப்பித்து பையனுக்கு அவ்வளவு ஆழமாக இருந்ததால்தான் சாது கேட்ட கேள்விக்கும் அவ்வளவு வலிமை. ஆகவே முன்னால் போய்ப் படியுங்கள். புலி சுவாமியை வேண்டுமானால் தாண்டிக்கொள்ளலாம்.

வாழ்க்கை மாறுமா என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று தம்பி சுட்டியிருக்கிறார். என் விஷயத்தில் மாறியது இரண்டு. 2004இல் கோபம் குறைந்தது. இந்த மாதம் நான் எழுந்திருக்கும் நேரம் மாறியிருக்கிறது. இப்போது லாரி இல்லை, குழாயில் தண்ணீர் வருகிறது, குடம் தூக்க வேண்டியதில்லை. அந்த எட்டுக் குடத்தை இப்போது தூக்கவும் முடியாது. வாசலில் ஆவின் பாக்கெட்டை எடுப்பது, வெட்டிக் காய்ச்சுவது, டிகாக்‌ஷன் இறக்குவது என்று ஐந்தரை வரை போகிறது. முதல் வாரம் இரண்டு முறை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அப்புறம்தான் கதவு.

4 பிப்ரவரி, காலை 6.35

இந்த இழையில் இதுதான் என் கடைசிக் குறிப்பு, ஏனென்றால் புத்தகம் இப்போது என் கையில் இல்லை. நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிய புதுப் பிரதி மனைவியிடம் இருக்கிறது. ரேஷன் ரசீதை அடையாளம் வைத்துப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நிறுத்தியிருக்கிறாள். நேற்று இரவு ஒரு பக்கத்தைக் காட்டினாள். குமார் என்ற புதுப் பையனுக்கு ஆசிரமத்தின் மேற்பார்வையைக் கொடுத்துவிட்டு, முகுந்தனை அடுக்களைக்கு அனுப்புகிறார் குரு. மற்ற பையன்கள் எல்லாம் முகுந்தனிடமே யோசனை கேட்கப் போகிறார்கள் என்று குமார் புகார் செய்கிறான். அதற்காகத்தான் அவனை அடுக்களையிலும் உன்னைக் கூடத்திலும் வைத்தேன், தலைவனாக இருப்பவனுக்குத் தொண்டு செய்யும் ஆசை வேண்டும், அதிகாரம் செய்யும் ஆசை அல்ல என்று சொல்லிவிட்டு, சமையற்காரனுக்கு எடுபிடியாக இருந்த பழைய வேலைக்கே குமாரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

நான்கு முறை படித்தவன் நான். அந்தப் பக்கம் எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

"உங்க ஆபீஸ்ல அஞ்சு வருஷம் பின்னாடி சேர்ந்தவரு இவனா?" என்று கேட்டாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது, போகிறேன்.